நிரம்பாத டேங்க்தான் ஆபத்து

“டேங்க் ரொம்பிடுச்சு, லாரிக்குச் சொல்லிவிடுங்க.” அம்பத்தூரில் எங்கள் மேஸ்திரிக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். அவர் உடனே லாரிக்குச் சொல்ல மாட்டார். முதலில் மூன்று கேள்வி கேட்பார். “ஒரு பாத்ரூம்ல மட்டும் நிக்குதா, எல்லாத்துலயும் நிக்குதா? மழைக்கு அப்புறம் ஆரம்பிச்சுதா, முன்னாடியேவா? கடைசியா லாரி எப்ப வந்துச்சு?” பதிலைக் கேட்டுக்கொண்டே, ராடு மட்டும் போதுமா, கடப்பாரையும் எடுக்க வேண்டுமா என்று எனக்குக் கையால் சைகை காட்டிவிடுவார்.

ஐடிஐயில் பிளம்பர் படிப்பை முடித்துவிட்டு அவரிடம் வேலை கற்கச் சேர்ந்தவன் நான். குழாய் வெட்டவும் ஒட்டவும் வாட்டம் பார்க்கவும் அங்கேயே பழகியிருந்தேன். செப்டிக் டேங்க்கைப் படமாகத்தான் தெரியும். அது எப்படி வேலை செய்கிறது, எப்படிக் கெடுகிறது, கெட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் மேஸ்திரியோடு வீடு வீடாகப் போய்க் கற்றது. அதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றக் காரணம் இந்த ஊர்தான். அம்பத்தூர் 2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. இன்று அது ஏழாவது மண்டலம். பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ள வீடுகளும் உண்டு, இன்னும் டேங்க்கை நம்பியிருக்கும் வீடுகளும் உண்டு. இணைப்பு இல்லாத ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வாசலுக்குக் கீழே ஒரு சிறு சுத்திகரிப்பு நிலையத்தை நடத்திக்கொண்டிருக்கிறார். அதை நடத்துகிறோம் என்பது பலருக்கும் தெரியாது.

முதல் பாடம்: நீர்மட்டம்

மேஸ்திரி சொல்லிக்கொடுத்த முதல் விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. “தம்பி, நல்ல டேங்க் எப்பவும் ரொம்பித்தான் இருக்கும். ரொம்பியிருந்தாத்தான் அது டேங்க்கு.”

வீட்டிலிருந்து வரும் கழிவு, இன்லெட் குழாய் வழியாக முதல் அறைக்குள் இறங்கும். கனமானது அடியில் கசடாகப் படியும். எண்ணெய்ப் பிசுக்கும் இலகுவானவையும் மேலே ஏடாக மிதக்கும். நடுவில் ஓரளவு தெளிந்த நீர் இருக்கும். காற்று இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கசடைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். நடுச்சுவரைத் தாண்டி இரண்டாம் அறைக்குப் போகும் நீர் அங்கே மீண்டும் தெளிந்து, அவுட்லெட் வழியாக உறிஞ்சுகுழிக்குப் போகும். நாங்கள் அதை சோக் பிட் என்போம். வீட்டில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் மறுமுனையில் ஒரு வாளி வெளியேறும். ஆகவே டேங்கின் நீர்மட்டம் எப்போதும் அவுட்லெட் குழாயின் அடிமட்டத்தில் நிற்க வேண்டும். 1881-இல் பிரான்சில் லூயி மூரா என்பவர் காப்புரிமை பெற்ற தொட்டியின் அடிப்படையும் இதுதான்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு, மூடியைத் திறந்ததும் மேஸ்திரி ஏன் முதலில் அவுட்லெட் பக்கம் டார்ச் அடிக்கிறார் என்பது விளங்கியது. நீர்மட்டம் நிற்கும் இடத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடலாம்.

அவுட்லெட் மட்டத்தில் சரியாக நிற்கிறது, ஆனால் வீட்டுக்குள் கழிப்பறையில் தண்ணீர் ஏறுகிறது என்றால், கோளாறு டேங்கில் இல்லை. வீட்டுக்கும் டேங்குக்கும் இடையிலுள்ள குழாயிலோ, இன்லெட்டில் மாட்டியிருக்கும் ‘டீ’ எனும் T வடிவக் குழாயிலோ அடைப்பு. டீயின் வாயில் ஏடு கெட்டிப்பட்டுக் கிடக்கும். ராடு விட்டுத் தள்ளினால் தீரும். லாரி தேவையே இல்லை.

அவுட்லெட்டுக்கு மேலே ஒரு சாண் ஏறி நிற்கிறது என்றால், அவுட்லெட் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது சோக் பிட் தண்ணீரை வாங்க மறுக்கிறது.

அவுட்லெட்டுக்குக் கீழே எங்கேயோ கிடக்கிறது, அண்மையில் லாரியும் வரவில்லை என்றால், டேங்க் ஒழுகுகிறது. மூன்றிலும் மோசமானது இதுதான். வீட்டுக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் இதைத்தான்.

பெருமைப்பட்ட வீடு

கள்ளிக்குப்பம் பக்கம் ஒரு வீட்டில் போர் தண்ணீரில் வாடை வருகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். மோட்டாரைப் பார்க்கத்தான் போனோம். மேஸ்திரி மோட்டாரைத் தொடாமல் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். போருக்கும் செப்டிக் டேங்குக்கும் இடையே இருபது அடிகூட இல்லை. “டேங்க் கடைசியா எப்ப சார் எடுத்தீங்க?” என்று கேட்டார். வீட்டுப் பெரியவர் நிமிர்ந்து சொன்னார்: “இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு கட்டி. ஒரு தடவைகூட லாரி கூப்பிட்டதில்ல. அப்படிக் கட்டினது.”

மூடியைத் திறந்தோம். இரண்டாம் அறையில் தண்ணீர் முழங்கால் அளவுக்குக் கீழே கிடந்தது. அவுட்லெட் குழாயின் வாயில் சிலந்தி வலை பின்னியிருந்தது. அந்தக் குழாய் வழியாக ஒரு சொட்டு நீர்கூடப் போனதில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அடியில் கான்கிரீட் போடாமல், செங்கல்லை அடுக்கி, பூசாமல் விட்டிருக்கிறார்கள். நிரம்பாமல் இருக்கட்டும் என்று வேண்டுமென்றே அப்படிக் கட்டும் வழக்கம் உண்டு. கழிவு நேரே மண்ணுக்குள் இறங்கும். மண்ணிலிருந்து போருக்குப் போகும்.

மேஸ்திரி தன் பையிலிருந்து சிறு பாட்டில் ஒன்றை எடுத்து, குழாய்த் தண்ணீரைக் குறித்த அளவுக்கு நிரப்பி, நிழலில் வைக்கச் சொல்லிவிட்டு வந்தார். உள்ளே மருந்து தோய்த்த காகிதம் இருக்கும். மலக்கழிவோடு வரும் கிருமிகள் இருந்தால் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகித் தண்ணீர் கறுத்துவிடும். மறுநாள் போனபோது பாட்டில் கறுத்திருந்தது. குடிப்பதற்குக் கேன் தண்ணீர்தான் என்று அந்த வீட்டு அம்மா ஆறுதலாகச் சொன்னார். பல் தேய்ப்பதும், பாத்திரம் கழுவுவதும், காய்கறி அலசுவதும் எந்தத் தண்ணீரில் என்று மேஸ்திரி கேட்டார். பெரியவர் அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்குச் செய்தவை இவை. போர் தண்ணீரை வாய்க்குப் போகும் எதற்கும் பயன்படுத்த வேண்டாம், வேறு வழியில்லை என்றால் நன்றாகக் கொதிக்கவைத்துப் பயன்படுத்துங்கள் என்று சொன்னோம். கிண்டி கிங் நிலையத்தில் முறையாகப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொன்னோம். பழைய டேங்க்கைக் கைவிட்டு, வீட்டின் மறுபக்கம் அடியில் கான்கிரீட்டும் உள்ளே நீர்புகாப் பூச்சும் உள்ள புது டேங்க் கட்ட மதிப்பீடு போட்டுக் கொடுத்தோம். பழையதை லாரி வைத்துக் காலி செய்து மண்ணால் நிரப்ப வேண்டும், போரைக் குளோரின் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும் என்றும் அதில் எழுதினோம்.

சோக் பிட்டுக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் இருக்க வேண்டும் என்று இந்தியத் தரநிலை ஐஎஸ் 2470 சொல்கிறது. அரை கிரவுண்டு மனையில் அந்த இடைவெளி எங்கே கிடைக்கும்? பக்கத்து வீட்டுக்காரரின் போரையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் சிக்கல். அதனால்தான் டேங்க் ஒழுகாமல் இருப்பது இந்த ஊரில் இவ்வளவு முக்கியம் ஆகிறது.

லாரி போன கையோடு கவனிக்க ஒரு சுலபமான கணக்கை மேஸ்திரி எல்லா வீட்டிலும் சொல்வார். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்தால், நாலு பேர் உள்ள வீட்டில் 540 லிட்டர். எல்லாத் தண்ணீரும் டேங்குக்குப் போகிற வீடானால், 3,000 லிட்டர் டேங்க் ஒரு வாரத்துக்குள் மீண்டும் அவுட்லெட் மட்டத்துக்கு வந்துவிட வேண்டும். கழிப்பறைத் தண்ணீர் மட்டும் போகிறதென்றால் இன்னும் சில வாரம் ஆகலாம். மாதங்கள் கழித்தும் வரவில்லை என்றால் சந்தோஷப்படக் கூடாது, ஆள் கூப்பிட வேண்டும்.

மண் மூச்சு முட்டும்போது

அம்பத்தூரில் அதிகம் பார்ப்பது, அவுட்லெட்டுக்கு மேலே நீர் ஏறி நிற்கும் இரண்டாம் வகை. ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய வீடு. பிறகு மாடி எழும்புகிறது, பின்பக்கம் போர்ஷன் வருகிறது, தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்கள் குடிவருகிறார்கள். டேங்க் மட்டும் அதே டேங்க். ஐந்து பேருக்குத் தரநிலை சொல்லும் அளவு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீர் ஆழம். அதற்குள் பதினைந்து பேரின் கழிவு போனால், படியவேண்டியது படிய நேரம் இருக்காது. கசடு நீரோடு சேர்ந்து சோக் பிட்டுக்குப் போகும். காபி பில்டரின் கண்கள் தூளால் அடைபடுவதுபோல, குழியைச் சுற்றியுள்ள மண்ணின் துளைகள் கரிய வழவழப்பான படலத்தால் அடைபடும். அதன் பிறகு எத்தனை முறை டேங்க்கைக் காலி செய்தாலும் பயனில்லை.

அம்பத்தூர் ஒரகடத்தில் மூன்று போர்ஷன் உள்ள ஒரு வீட்டில் மாதாமாதம் லாரி வந்துகொண்டிருந்தது. அந்தக் காசை யார் கொடுப்பது என்று குடித்தனக்காரர்களுக்குள் சண்டை. அடுத்த முறை லாரி வரும்போது எங்களையும் கூப்பிடச் சொல்லியிருந்தார் மேஸ்திரி. லாரி உறிஞ்சி முடித்து ஓஸைச் சுற்றிக்கொண்டிருந்தது. “அவுட்லெட்டைப் பாரு” என்றார். குழாயிலிருந்து தண்ணீர் டேங்குக்குள் பின்னோக்கிக் கொட்ட ஆரம்பித்தது. சோக் பிட்டில் போக வழியில்லாமல் தேங்கிக் கிடந்த நீர், டேங்க் காலியானதும் திரும்பி வந்தது. அதைப் பார்த்த பிறகு வேறு பரிசோதனை எதுவும் தேவைப்படவில்லை.

அந்த வீட்டில் முதலில் தண்ணீரைக் குறைத்தோம். ஒரு போர்ஷனின் பிளஷ் டேங்க் இரவு பகலாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அது ஒன்றே நாளைக்குச் சில நூறு லிட்டரைச் சேர்க்கக்கூடும். ஆர்ஓ இயந்திரத்தின் கழிவு நீரைச் செடிகளுக்குத் திருப்பினோம். அதன் பிறகு வேறு இடத்தில் புதிய சோக் பிட்டுக்குக் குழி எடுத்தோம். தெரு ஓரத்து மழைநீர்க் கால்வாயில் அவுட்லெட்டைச் சேர்த்துவிடுங்கள், செலவு மிச்சம் என்று ஒருவர் யோசனை சொன்னார். மேஸ்திரி மறுத்துவிட்டார். அது சட்டப்படி தவறு. அம்பத்தூர் ஏரியின் உபரி கொரட்டூர் ஏரிக்குப் போகிறது. கால்வாயில் விடுவதெல்லாம் கடைசியில் ஏரியில்தான் சேரும். கொரட்டூர் ஏரியில் கலக்கும் கழிவுநீரைத் தடுக்க அந்தப் பகுதி மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய்ப் போராடியிருக்கிறார்கள். அவர்கள் மீட்கப் பாடுபடும் நீரில் நம் வீட்டுக் குழாயைத் திருப்பிவிட எனக்கும் மனம் வராது.

துணி சொல்லும் கணக்கு

டேங்க்கை எப்போது எடுக்க வேண்டும் என்பதற்கு மேஸ்திரியிடம் ஒரு முறை உண்டு. ஒரு நீளக் குழாயின் அடிப்பாகத்தில் பழைய வெள்ளை வேட்டித் துணியைச் சுற்றிக் கட்டுவார். மூடியைத் திறந்து, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, குழாயை மெதுவாக அடிவரை இறக்குவார். சில நிமிடம் அசைக்காமல் வைத்திருந்து நேராக மேலே எடுப்பார். கசடு நின்ற உயரம் வரை துணி கறுத்து, சிறு துணுக்குகள் ஒட்டியிருக்கும். அதற்கு மேலே நீரின் வெளிறிய சாம்பல் கறை. கறுப்பின் உயரத்தையும் மேலேயுள்ள ஏட்டின் கனத்தையும் கூட்டி, அது நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால் லாரிக்குச் சொல்ல வேண்டிய நேரம். பொதுவாக இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அந்த நிலை வரும். ஆள் அதிகமென்றால் முன்னதாகவே வரும்.

இரண்டு அறையிலும் எடுக்கச் சொல்ல வேண்டும். மேலே நிற்கும் தண்ணீரை மட்டும் உறிஞ்சிவிட்டு அடிக்கசடை விட்டுவிட்டுப் போவதும் நடக்கிறது. எடுத்த பிறகு பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டியதில்லை. அடியில் தங்கும் கொஞ்சம் கசடே நுண்ணுயிர்களுக்கு விதை. கழிப்பறையில் ஆசிட்டையும் பினாயிலையும் வாரி ஊற்றுவது அந்த உயிர்களைத்தான் கொல்லும். நாப்கின், டயபர், சமையல் எண்ணெய் மூன்றும் டேங்குக்குள் போகவே கூடாது.

உள்ளே இறங்குவதில்லை

இந்தத் தொழிலில் நான் கற்றவற்றில் எதை மறந்தாலும் இதை மறக்க மாட்டேன். டேங்குக்குள் ஆள் இறங்கக் கூடாது. விழுந்த டார்ச்சை எடுக்க, அடைத்த டீயைப் பிடுங்க, ஒரு நிமிட வேலைதான் என்று எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

உள்ளே மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் தேங்கியிருக்கும். மீத்தேன் பற்றி எரியும்; அதனால் மூடியைத் திறக்கும் இடத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மோப்ப நரம்பையே மரக்கச் செய்துவிடும். வாடை போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கும் அந்த நேரம்தான் உயிர் போகும் நேரம். ஒருவர் மயங்கி விழுந்தால், தூக்கப் போகும் அடுத்தவரும் விழுவார். நம் செய்தித்தாள்களில் வரும் இத்தகைய சாவுகளில் இரண்டு மூன்று பேர் சேர்ந்தே இறந்துபோவது அதனால்தான். ஆகவே யாராவது விழுந்துவிட்டால் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். பின்னாலேயே குதிக்கக் கூடாது. மூடியைத் திறந்ததும் மேஸ்திரி எங்களைத் தள்ளி நிற்கவைப்பார். குனிந்து எட்டிப் பார்க்க விடமாட்டார். உடைந்த மூடி மேல் குழந்தைகள் ஓடுவதைப் பார்த்தால், வந்த வேலையை விட்டுவிட்டு முதலில் மூடியை மாற்றச் சொல்வார்.

பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. முதல்முறை மீறினாலே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27-இல் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. அப்படியிருந்தும் ஐந்நூறு ரூபாய் சேர்த்துத் தருகிறேன், யாரையாவது இறக்கிவிடுங்கள் என்று கேட்கும் வீடுகள் இருக்கின்றன. அந்த ‘யாரையாவது’ என்பது பெரும்பாலும் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஓர் ஏழைத் தொழிலாளியாகவே இருந்திருக்கிறது. மேஸ்திரி அந்த வீடுகளில் ராடையும் குழாயையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார். இறங்காமல் சரிசெய்ய முடியாத டேங்க் என்றால், புதியது கட்டுவதுதான் வழி. அதை அவர் எல்லாரிடமும் நேராகச் சொல்வார்.

மழைக்காலமும் லாரியும்

ஐப்பசி, கார்த்திகையில் எங்களுக்கு வேலை அதிகம். ஏரியை ஒட்டிய தாழ்வான தெருக்களில் நிலத்தடி நீர் மேலேறி சோக் பிட்டையே மூழ்கடித்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூரின் தாழ்வான பகுதிகளில் தண்ணீர் நின்றபோது, தரைத்தளக் குளியலறைகளின் நானி ட்ராப் (தரை வடிகால்) வழியாகக் கழிவுநீர் உள்ளே வந்தது. அப்படிப்பட்ட நாளில் லாரியைத் தேடி அலைவது வீண். வெளியே நிற்கும் வெள்ளமே திரும்ப உள்ளே நிரம்பும். நிலம் நனைந்து ஊறியிருக்கும்போது டேங்க்கை முழுதாகக் காலி செய்வதும் ஆபத்து. வெளியிலிருந்து நீர் அழுத்திச் செங்கல் சுவர் உள்ளே சாயலாம். பிளாஸ்டிக் டேங்க் என்றால் மேலே மிதந்து குழாய்களை முறித்துவிடும். வெள்ளம் வடியும்வரை தண்ணீர்ச் செலவைக் குறைத்து, மேல்தளக் கழிப்பறையையும் பயன்படுத்தாமல் விட முடிந்தால் விட வேண்டும். மாடியில் ஊற்றுவது கீழ்வீட்டில்தான் பொங்கும். டேங்க் எடுக்க ஏற்ற காலம் கோடைதான், ஆடி, ஆவணி வரைக்கும் தள்ளிப்போடலாம்.

லாரியைக் கூப்பிடும்போது உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். உரிமம் இல்லாமல் கழிவுநீர் லாரி ஓடக் கூடாது என்று தமிழ்நாட்டில் 2022-இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். எடுத்த கழிவைக் குடிநீர் வாரியம் குறித்த இடத்தில்தான் கொட்ட வேண்டும். ஆள் தெரியவில்லை என்றால் 14420 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். இருட்டிய பிறகு வருகிறேன், காசு குறைத்துக்கொள்கிறேன் என்று சொல்லும் லாரி எந்த ஏரிக்கரைக்குப் போகும் என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

இப்போது சில வீடுகளுக்கு மேஸ்திரி என்னைத் தனியாக அனுப்புகிறார். போனதும் வீட்டுக்காரரிடம் ஒரு தாள் கேட்டு வாங்கி, டேங்க் எங்கே, மூடிகள் எங்கே, சோக் பிட் எங்கே, போர் எங்கே, கடைசியாக எடுத்த தேதி என்ன என்று படம் வரைந்து, மின்சார மீட்டர் பெட்டிக்குள் ஒட்டிவிட்டு வருகிறேன். பல வீடுகளில் டேங்க் எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் டைல்ஸ் போட்டு மூடியிருக்கிறார்கள். இதைப் படிப்பவர் வீட்டிலும் அப்படி ஒரு தாள் இல்லை என்றால், இந்த வாரமே எழுதி ஒட்டுங்கள். கூடவே, நல்ல வெயில் நாளில் ஆள் வைத்து மூடியைத் திறந்து, நீர்மட்டம் அவுட்லெட்டில் நிற்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். நின்றால் உங்கள் டேங்க் ஒழுகவில்லை; உங்கள் போரும் பக்கத்து வீட்டுப் போரும் டேங்க் ஒழுகலால் கெடவில்லை.